கஞ்சிக்குப் பிறகு ஒரு பிளேன்டி

சத்து என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருஷமாக இலைக்கஞ்சி விற்கிறேன். ஒரு நாள் வல்லாரை, ஒரு நாள் முருங்கை, ஒரு நாள் கறிவேப்பிலை, ஒரு நாள் பொன்னாங்காணி. சிவப்பரிசியைக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கடைசியாக இலைச்சாற்றைச் சேர்த்து, அது கொதிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். கொதித்துவிட்டால் பச்சை செத்துப் பழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட கஞ்சியை ஒரு நாளும் நான் கோப்பையில் ஊற்றியதில்லை. பானையோடு வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்களே குடித்திருக்கிறோம்.

விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்கள், வங்கிக்குப் போகிறவர்கள், வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். சமீப காலமாகக் கையில் போனையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, இதுல சியா விதை போடுவீங்களா?" "அக்கா, குயினோவாக் கஞ்சி இருக்கா?" இப்படியெல்லாம் கேள்வி. சூப்பர் ஃபூட் என்கிறார்கள். அடேயப்பா! நான் பதினொரு வருஷமாக அரைத்து ஊற்றும் முருங்கை இலையும் அதில் ஒன்றாம். பொடியாக்கி, போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டிவிட்டால் அது சூப்பர். என் கையால் அரைத்தால் வெறும் கீரை.

எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அந்தச் சாமான் எல்லாம் விற்கிறார். ஒரு நாள் போய், "என்ன நானா இது, எனக்கும் காட்டுங்க" என்றேன். ஒரு கரண்டி சியா விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஃபலூடாவில் போடுவார்களே, நாங்கள் கசகசா என்கிற துளசி விதை, அதைப் போல ஊதி, வழவழவென்று ஆகிவிட்டது. குறை சொல்ல மாட்டேன், நல்ல சாமான்தான். நார்ச்சத்து இருக்கிறது, நல்ல எண்ணெய் இருக்கிறது, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஊறவைக்காமல் அப்படியே அள்ளி வாயில் போட்டால் தொண்டையில் ஊதிக்கொண்டு நிற்கும். அதை லேபலில் கொட்டை எழுத்தில் போடவில்லை. வாங்குகிறவர்களுக்கு நான்தான் ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொன்னேன். நானாவுக்குக் கொஞ்சம் கோபம்.

நான் அப்படித்தான். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்வேன். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அரை டாக்டர் என்றே பெயர். சர்க்கரை வியாதிக்காரர் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி நல்லதென்று ஆறு ரொட்டி சாப்பிட்டால், "அண்ணே, குரக்கனும் மாவுதான், ரெண்டோட எந்திரிங்க" என்பேன். மஞ்சளை வெறும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறவரிடம், "ஒரு சிட்டிகை மிளகும் கொஞ்சம் பாலும் சேருங்க, அப்பதான் ஒடம்புல சேரும்" என்பேன். இதெல்லாம் சரியான பேச்சு என்று பிறகு கிளினிக் டாக்டரே சொன்னார். அதனால்தான் என் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

என் கடைக்கு இன்னொரு பெயரும் இருந்தது. கஞ்சி குடித்தால் ஒரு பிளேன்டி இலவசம். தோட்டத்தில் கிடைக்கும் தேயிலைத் தூளில், பால் சேர்க்காமல், இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல சாயமாக ஊற்றுவேன். கஞ்சியின் பச்சை வாசம் போக வாயில் ஒரு கடி கருப்பட்டி, மேலே சூடாகப் பிளேன்டி. லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்த எனக்கு அது இல்லாமல் ஒரு சாப்பாடு முடிந்ததாகவே படாது. ரொட்டிக்குப் பிறகு பிளேன்டி, சோற்றுக்குப் பிறகு பிளேன்டி, மலையில் கொழுந்து பறிக்கும்போது போத்தலில் பிளேன்டி. எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது நான் பெருமையாகச் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக்கில் ரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை விழுங்கினால் சிலருக்குக் குமட்டும், வாயெல்லாம் தகரம் நக்கிய மாதிரி இருக்கும். பாதிப் பேர் விழுங்காமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "மாத்திரைய வாயில போடு, இஞ்சிப் பிளேன்டிய மடக்குன்னு ஊத்து, ருசியே தெரியாது" என்று லயம் லயமாகச் சொன்னேன். பலித்தது. குமட்டல் நின்றது, மாத்திரை அட்டைகள் காலியாயின. எங்கள் தோட்டத்துப் பெண்கள்தான் ஒழுங்காக மாத்திரை விழுங்குகிறார்கள் என்று பழைய மிட்வைஃப் அம்மாவே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலை நான் ரொம்ப நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

பிறகு என் மகள் வந்தாள். பூனாகலையில் வாழ்க்கைப்பட்டவள், எனக்கு ஒரே பெண், அவளுக்கு இது முதல் பிரசவம். மருமகன் கொழும்பில் வேலை என்பதால் ஐந்தாம் மாதத்திலேயே என்னிடம் வந்துவிட்டாள். கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தின் அளவு குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டரைதான் இருந்தது.

என் மகளுக்கா! எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது, பயம் பிறகுதான் வந்தது. புகுந்த வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று சம்பந்தியம்மாவைப் போனில் ஒரு பிடி பிடித்தேன். பாவம், அந்த அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து காலையில் முருங்கைக் கஞ்சி, மத்தியானம் கீரைச் சுண்டல், பின்னேரம் வெலிமடையிலிருந்து வரும் பீட்ரூட்டைப் பிழிந்து ஒரு தம்ளர். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்று அப்போது நானும் நம்பினேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என் கையாலேயே இஞ்சிப் பிளேன்டி. மாத்திரையும் அதோடுதான். அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

ஏழாம் மாதம் மறுபடியும் பார்த்தார்கள். ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியே இருந்தது. டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பதுளையில் வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டும். பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும், இவளுக்குக் கொஞ்சம் கூடப் போனாலும் தாங்க மாட்டாள்.

அந்த வார்த்தையோடு மலையேறி வந்தேன். கால் நடக்கிறது, மனம் ஒரே இடத்தில் நிற்கிறது. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவள் கேட்டாள், "ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்துறீங்க, மகளுக்கு ரத்தம் பத்தலையாமே?" வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வாரமே புது மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். சின்னப் பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சிங்களப் பிள்ளை, தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசும். மத்தியானச் சாப்பாடு முடிந்து மகள் மாத்திரையை வாயில் போட்டு, பிளேன்டிக் கோப்பையைத் தூக்கிய நேரம். அந்தப் பெண் நேரே வந்து கோப்பையை வாங்கி வாசலுக்குப் போய்ச் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டது.

"அம்மா, தேத்தண்ணியோட மாத்திரை வேண்டாம். இரும்பு உள்ள போகாது. சாப்பாட்டோடயும் வேண்டாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "மிஸ், எங்க வீட்டுத் தேத்தண்ணிய கான்ல ஊத்துறீங்க? நாங்க பறிக்கிறதுதான் இது. உலகமே ஒடம்புக்கு நல்லதுன்னு வாங்கிக் குடிக்குது. பெட்டியில எழுதியே இருக்கு!" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து தலைகள் நீண்டன.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "தேத்தண்ணி நல்லதுதான் அம்மா. மாத்திரையும் நல்லது. கீரையும் நல்லது. ஆனா தேத்தண்ணில இருக்கிற சாயம் இரும்பைப் புடிச்சிக்கும். வெளிய போயிரும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. தேசிக்காய்ப் புளி, நெல்லிக்காய் சேத்துக்கங்க, அது இரும்பை உள்ள கூட்டிட்டுப் போகும்." மகளின் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"சின்னப் பிள்ளை சொல்றதக் கேட்டியா? நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துது" என்றேன் மகளிடம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மிஸ் சொன்னது பொய் என்று அப்போதே காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. இரண்டு கண்ணாடித் தம்ளரை எடுத்து, ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் தேத்தண்ணிச் சாயமும் ஊற்றினேன். இரண்டு மாத்திரையை அம்மிக்குழவியால் நசுக்கி, தம்ளருக்கொன்றாகப் போட்டுக் கலக்கினேன்.

வெந்நீர் லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். பிளேன்டி என் கண் முன்னாலேயே கறுத்தது. பழுப்பு போய், ஊதா கலந்த கறுப்பாகி, கடைசியில் பள்ளிக்கூடத்து மைக்கூடு போல நின்றது. தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அதற்கு அந்தப் பக்கம் நின்ற மகளின் முகம் அதற்குள்ளால் தெரியவில்லை.

இதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். துருப்பிடித்த வாளித் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கறுத்துப்போகும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். "இந்தத் தண்ணியில இரும்பு, சாயம் கெட்டுரும்" என்று எத்தனை வாளியை நானே மாற்றச் சொல்லியிருக்கிறேன்! சாயம் கெடுகிறதே என்று கவலைப்பட்டேன். இரும்பும் கெடுகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மகள் கேட்டாள். "அம்மா, இதுதான் என் வயித்துக்குள்ளயும் நடக்குதா?"

தம்ளரைக் கழுவி வைத்தேன். "இனிமே நடக்காது" என்றேன்.

நான் ஒன்றை முடிவு செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் இரண்டு மணி நேரம் பின்னாலும் எங்கள் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் ஏறவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் தள்ளிக் கொடுத்தேன், தண்ணீரும் நெல்லிச்சாறும் மட்டும் கூட. எங்கள் பக்கத்துப் புல் மலைகளில் நெல்லி தானாகவே காய்த்துக் கொட்டும், பொறுக்க ஆளில்லை. கீரைச் சுண்டலில் அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காயைப் பிழிந்தேன். அந்தப் புளிப்பில் இருக்கும் சத்து சூடு தாங்காது. கீரையில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் சேராது. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது சீக்கிரம் சேரும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் கோழி ஈரல், மற்ற நாளில் நெத்தலி. பீட்ரூட்டைக் கறிக்கு மாற்றினேன். நல்ல காய்தான், ஆனால் நிறத்தைப் பார்த்து நாங்கள் அதற்குக் கொடுத்த மரியாதை கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

மகள் முதல் மூன்று நாள் தலைவலி என்று படுத்தாள். தேத்தண்ணி இல்லாத தலைவலி. நானும் அவளோடு சேர்ந்து நிறுத்தியிருந்தேன், எனக்கும் மண்டை பிளந்தது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்து, பிறகு சிரித்துக்கொண்டோம்.

கடையிலும் இலவசப் பிளேன்டியை நிறுத்தி, உப்புப் போட்ட நெல்லிச்சாறு வைத்தேன். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நானா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா தங்கச்சி, தோட்டத்து ஆளே தேத்தண்ணிய நிப்பாட்டினா தொரைமாரு எங்க போவாங்க?" என்று கேட்டார். "நிப்பாட்டல நானா, தள்ளி வச்சிருக்கேன். பத்து மணிக்கு வாங்க, நானே ஊத்தித் தாறேன்" என்றேன். அவர் பத்து மணிக்கு வந்தார். அவருக்கு ஊற்றியும் கொடுத்தேன்.

இத்தனையும் செய்தேன். ஆனால் ஒன்றை மட்டும் செய்யவில்லை. லயத்தில் இருக்கும் மற்றப் பெண்களிடம் சொல்லவில்லை. அப்போது எங்கள் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் என் முறைப்படி. மிஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, மிஸ் படியிறங்கியதும், "கஞ்சி அக்கா சொன்னதுதான் சரி" என்று பிளேன்டியை ஊற்றிக்கொண்டார்கள். எனக்கு அது காதில் விழுந்தது. முதலில் மகளுக்கு ஏறட்டும், நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம் இல்லை, வெட்கம். நான்கு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் நான் அவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. மகளுக்குப் பிரசவமும் பிறகு நல்லபடியாகத்தான் ஆனது, பேத்தி இப்போது என் கஞ்சிப் பானையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கிளினிக் நாளைப் பற்றி.

ரத்தம் பத்தைத் தாண்டியிருந்தது. டாக்டர் அட்டையை இரண்டு தரம் பார்த்தார். வார்டு வேண்டாம், ரத்தம் ஏற்ற வேண்டாம், இப்படியே மாத்திரையைத் தொடருங்கள் என்றார். நானும் அட்டையை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது, வெளியே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன செஞ்சீங்க? நல்லா ஏறியிருக்கே" என்று டாக்டர் மகளிடம் கேட்டார்.

"எல்லாம் அம்மாதான் டாக்டர். எங்கம்மாவுக்குத் தெரியாதது இல்ல" என்றாள் அவள். கேலி இல்லை. மனதாரச் சொன்னாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நாங்கள் சொல்லவில்லையா என்கிற மாதிரி. மேசையோரம் எழுதிக்கொண்டிருந்த மிஸ் மட்டும் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மறுபடியும் குனிந்து எழுதியது.

அந்தப் பிள்ளை அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பித்திருப்பேன். காட்டிக்கொடுக்காததுதான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றேன்.

"இங்க கேளுங்க எல்லாரும். மாத்திரைய தேத்தண்ணியோட முழுங்கச் சொன்னேன்ல, அது தப்பு. தேத்தண்ணியோட போட்டா அது ஒடம்புல சேராது. எம்மகளுக்கு ஏறாம இருந்ததுக்கு நான்தான் காரணம். இந்த மிஸ் சொன்னாங்க, நான் ஏசி அனுப்பினேன். பெறகுதான் பாத்தேன், அவங்க சொன்னதுதான் சரி. நாலு வாரமா எனக்குத் தெரியும், ஒங்ககிட்ட சொல்லல. நெல்லிச்சாத்தோட போடுங்க. தேத்தண்ணி ரெண்டு மணி நேரம் கழிச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. ஒருத்தி கையில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெஞ்சின் கடைசியில் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பிள்ளைக்கு நான்கு மாதம், மடியில் மூத்தது. அந்த மூத்தது பிறக்கும்போது ஒரு கையளவுதான் இருந்தது என்றும், பதுளை ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள் என்றும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இவனுக்கு முழுகாம இருந்தப்பவும் நீங்கதானே சொன்னீங்க?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. சும்மா கேட்டாள். பிள்ளை சிறுத்துப் பிறக்க ஆயிரம் காரணம் இருக்கலாம், அதில் என் பிளேன்டிக்கு எவ்வளவு பங்கு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தப் பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"ஆமா தாயி. நான்தான் சொன்னேன்."

உள்ளே இருந்து அவள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். சுற்றிலும் அத்தனை பேர் இருக்க, என்னிடம் வந்து, "கொஞ்சம் புடிங்கக்கா, ரத்தம் குடுத்துட்டு வாறேன்" என்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு வயதாகப் போகிற பையன். மடியில் ஒரு பாரமே தெரியவில்லை.